மாரடைப்பும் சிறுநீரகமும்

மாரடைப்பு கண்ட ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அனுப்பிவிட்டு வாசலில் காத்து நிற்கும் உறவினர், வைத்தியர் வெளியே வந்த மாத்திரத்தில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அடைப்பைப் பற்றியவையாகவே இருக்கின்றன. எத்தனை இடத்தில் அடைப்பு, எத்தனை சதவிகிதம், ஸ்டென்ட் வைக்க வேண்டுமா, காப்பீட்டு அட்டையில் அது அடங்குமா என்று கேட்கிறார்கள். அவை யாவும் நியாயமான கேள்விகளே. எனினும், அந்த நோயாளி உயிர் பிழைத்து ஊர் திரும்பிய பிறகு, அடுத்த ஓராண்டிலும் மூன்றாண்டிலும் அவருடைய ஆரோக்கியம் எந்த நிலையில் இருக்கும் என்பதை ஊகித்தறிய வைத்தியர்கள் விசேஷமாக நோக்குவது வேறு இரண்டு எண்களை. ஒன்று, அடைப்பினால் காயமுற்ற இருதயம் இன்னும் எவ்வளவு பலத்தோடு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதைச் சொல்வது. மற்றொன்று, முதுகின் இருபுறமும் ஓசையின்றி உழைத்துக்கொண்டிருக்கும் சிறுநீரகங்கள் அந்த இரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகின்றன என்பதைச் சொல்வது. முதல் எண்ணைப் பற்றியாவது சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டாவதைக் கேட்பவர் மிக அரிது. கேட்பாரில்லாத காரணத்தால், பெரும்பாடுபட்டுக் காப்பாற்றிய உயிர்கள் சில பின்னர் கைநழுவிப் போகின்றன. தருமபுரி ஜில்லாவைப் போன்ற ஒரு நாட்டுப்புறப் பிரதேசத்தில் அந்த இரண்டாவது எண்ணுக்கு எவ்வளவு முக்கியத்துவம் உண்டு என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் இருதயத்தின் சமாசாரத்தைப் பார்ப்போம். இருதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பின்போதும் தன்னுள் நிறைந்த இரத்தம் முழுவதையும் வெளியேற்றிவிடுவதில்லை. நல்ல ஆரோக்கியமுள்ளவருக்குக்கூட நூற்றுக்கு ஐம்பத்தைந்து முதல் எழுபது பங்குதான் வெளியே போகும். எஞ்சியது உள்ளேயே தங்கும். இந்தப் பங்கை எக்கோ என்று நாம் வழங்கும் ஒலியலைப் பரிசோதனையால் கால் மணி நேரத்துக்குள் அளந்துவிடலாம். எக்கோ அறிக்கையில் 'இ.எஃப்.' என்ற இரண்டு எழுத்துக்களுக்கு எதிரே எழுதப்பட்டிருப்பது இதுவே. மாரடைப்பினால் இருதயத் தசையின் ஒரு பகுதி இரத்தமின்றி மடிந்துபோனால், மடிந்த தசை மீண்டும் வளருவதில்லை. அவ்விடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்புக்குச் சுருங்கி விரியும் சக்தி கிடையாது. ஆகவே எஞ்சிய தசை இரட்டிப்பாக உழைக்கிறது, உழைத்து உழைத்து விரிந்து தளர்கிறது; அந்த எண்ணும் நாற்பதுக்குக் கீழே இறங்கக்கூடும். அப்படி இறங்கியவர்களிடையே மரணம் அதிகம் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஐயமற நிலைநாட்டப்பட்ட விஷயம்.

எக்கோ இயந்திரம் பரவலாக வருவதற்கு முன்பே, காதில் மாட்டும் குழாய் ஒன்றை மட்டும் நம்பி இந்த உண்மையைக் கண்டவர்கள் உண்டு. 1967-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் தாமஸ் கில்லிப், ஜான் கிம்பால் என்ற இரு வைத்தியர்கள், மாரடைப்போடு வந்த 250 பேரை நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். நுரையீரலில் நீர் கோத்த சப்தம் அறவே இல்லாதவர்கள் முதல் வகுப்பு. அடிப்பகுதியில் மட்டும் அந்தச் சப்தம் கேட்பவர்கள் இரண்டாவது. நுரையீரல் முழுதும் நீர் நிறைந்து மூச்சுத் திணறுபவர்கள் மூன்றாவது. இரத்த அழுத்தம் வீழ்ந்து கைகால் சில்லிட்டுப் போனவர்கள் நான்காவது. முதல் வகுப்பில் நூற்றுக்கு ஆறு பேர் இறந்தார்கள்; இரண்டாவதில் பதினேழு; மூன்றாவதில் முப்பத்தெட்டு; நான்காவதில் எண்பத்தொன்று. சிகிச்சை முறைகள் அதன்பின் அளவிட முடியாதபடி முன்னேறிவிட்டன, ஆதலால் அந்த விகிதங்கள் இன்று பொருந்தமாட்டா. ஆனால் அந்த ஏறுவரிசை மட்டும் மாறவேயில்லை. இன்றைக்கும் உலகெங்கும் மாரடைப்பு நோயாளியின் அபாயத்தைக் கணக்கிடும் முறைகளில் கில்லிப் வகுப்பு ஓர் அங்கமாக இருக்கிறது. அதே கணக்கீட்டில், வயதுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பக்கத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் ஓர் இடம் பெற்றிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இருதயத்தின் பலம் எவ்வளவு மிஞ்சும் என்பது பெரும்பாலும் காலத்தைப் பொறுத்தது. தருமபுரி ஜில்லாவில் காலம் என்பது தூரத்தின் மறுபெயராகவே இருக்கிறது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே அமைந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலோ, தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதையின்மேல் ஏற்றிச் சென்ற கோட்டூர் மலையிலோ ஒருவருக்கு நடுநிசியில் நெஞ்சு அடைத்தால், அவர் ஈசிஜி எடுக்கக்கூடிய இடத்தை அடைவதற்குள் எத்தனை நாழிகை கழியும் என்பதை அந்த ஊர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும். சமவெளியிலும் தாமதத்துக்குக் குறைவில்லை. வாயுப் பிடிப்பு என்று எண்ணி இஞ்சிக் கஷாயம் குடித்துப் பார்ப்பதும், விடியட்டும் என்று பொறுத்திருப்பதும், பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் மகனுக்குப் போன் செய்து அவன் அபிப்பிராயத்துக்குக் காத்திருப்பதும் எல்லா ஊரிலும் நடப்பவை. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த டெனிஸ் சேவியர் முதலானோர், இந்தியாவின் ஐம்பது நகரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவு செய்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனையை அடைய நடுத்தரமாக ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. அதே ஆய்வில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள், வசதியுள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்தரை. ஏழைகளில் எட்டுக்கும் மேல்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு என்பதை நம்முடைய மாகாணத்திலேயே செய்து காட்டினார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த இருதய வைத்தியர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையைச் சேர்ந்த அஜித் முல்லசாரியும் அவர்களுடைய சகாக்களும், சிறிய மருத்துவமனைகள் பலவற்றை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றோடு இணைத்து, முதல் இடத்திலேயே ஈசிஜி எடுத்து, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, பிறகு ஒரு நாளுக்குள் பெரிய இடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் நான்கு தொகுதிகளில் நடத்தினார்கள். 2,420 நோயாளிகளைப் பற்றிய அதன் முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6, ஏற்பாட்டுக்குப் பின் 14.2. வெளிநாட்டாரின் பெரும்பொருட்செலவு முறையை அப்படியே பின்பற்றாமல், நமது சாலைகளுக்கும் நமது மருத்துவமனைகளுக்கும் ஏற்றவாறு அமைத்துக்கொண்ட முறை அது. 2023 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என்ற மூன்று மருந்துகளையும் சேர்த்துப் பதினான்கு மாத்திரைகளாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். தொப்பூர்க் கணவாயைத் தாண்டிச் சேலம் போய்ச் சேருவதற்குள் அந்த மாத்திரைகள் உடலில் வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

ஆனால் இவ்வளவும் இருதயத்தைப் பற்றியது.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து சுமார் முந்நூறு கிராம் எடையே உள்ளவை. ஏறக்குறைய இருதயத்தின் எடை. அப்படியிருந்தும் இருதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை, அதாவது நிமிஷத்துக்குச் சுமார் ஒரு லிட்டர், இவற்றின் வழியாகவே ஓடுகிறது. ஒரு நாளில் 180 லிட்டர் வடிநீர் இவற்றில் உற்பத்தியாகி, அதில் ஒன்றரை லிட்டர் போக மற்றதெல்லாம் திரும்ப உடலுக்குள் ஏற்கப்படுகிறது. உடலின் பெரிய உறுப்புகளுள் வேறெதுவும் தன் எடைக்கு இவ்வளவு அதிகமான இரத்தத்தைப் பெறுவதில்லை. ஆகையால் இருதயத்துக்கு ஒரு குறை நேர்ந்தால், அதன் பலனை முந்தி அனுபவிக்கும் உறுப்புகளுள் சிறுநீரகமும் ஒன்றாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இருதயம் பலஹீனப்பட்டு இரத்த ஓட்டம் தளர்ந்ததும், சிறுநீரகம் அதற்கு ஒரு தவறான அர்த்தம் செய்துகொள்ளுகிறது. பஞ்சப்பள்ளிச் சின்னாற்று அணையின் மதகைக் காப்பவர், கீழே வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து ஓடுவதைக் கண்டு, வாய்க்காலில் அடைப்பு விழுந்திருப்பதை அறியாமல், பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணி மதகுகளை இறுக மூடிவிட்டால் மேலே நீர் பெருகிக் கரையை மீறுமல்லவா, அதைப்போன்ற காரியமே இங்கே நடக்கிறது. உடலில் நீர் குறைந்துவிட்டது என்று கருதும் சிறுநீரகம், ரெனின் என்ற ஒரு வஸ்துவைச் சுரந்து, அதன் வழியே இரத்த நாளங்களை இறுக்கி, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் தேக்குகிறது. தேங்கிய நீர் கணுக்காலில் வீக்கமாகவும், நுரையீரலில் மூச்சுத் திணறலாகவும் வெளிப்படுகிறது. முன்னமே இளைத்த இருதயம் இறுகிய நாளங்களுக்கு எதிராக, அதிகப்பட்ட நீரைச் சுமந்து உழைக்க நேரிடுகிறது. உழைத்து மேலும் இளைக்கிறது. இளைத்தால் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் இன்னும் குறைகிறது. இந்தச் சுழலுக்குள் சிக்கியவர்களைத்தான், மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்து ஆறு மாதத்துக்குள் 'மூச்சு வாங்குது' என்று மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாக நாம் கேள்விப்படுகிறோம்.

எதிர்த்திசையிலும் தீங்கு உண்டு. சர்க்கரை வியாதியாலோ இரத்தக் கொதிப்பாலோ நெடுநாளாகச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால், இரத்த நாளங்களின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து அவை விறைத்துப்போகின்றன. இரத்தத்தை உற்பத்தி செய்யத் தூண்டும் சுரப்பு குறைந்து சோகை உண்டாகிறது. பொட்டாசியம் என்ற உப்பு வெளியேறாமல் தங்கி இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கிறது. இரத்தம் மறுபடி உறையாமல் தடுக்கக் கொடுக்கும் மருந்துகள் சில சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேற வேண்டியவை; அவை வெளியேறாமல் தங்கினால் இரத்தக் கசிவு நேருகிறது. ஆக, மாரடைப்பு வருவதற்கும் இவர்களுக்கே காரணம் அதிகம். வந்தபின் சிகிச்சையைத் தாங்குவதற்கும் இவர்களுக்கே சிரமம் அதிகம்.

எவ்வளவு அதிகம் என்பதை 2004-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி அளந்து காட்டியது. மாரடைப்பு வந்து, இருதயமும் பலஹீனப்பட்ட 14,527 பேரை வல்சார்ட்டான் என்ற மருந்தின் பரிசோதனைக்காகப் பல நாடுகளில் சேர்த்திருந்தார்கள். அவர்களைச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக்கொண்டு நான்கு பிரிவாக்கிப் பார்த்தபோது, திறன் 75-க்கு மேல் இருந்தவர்களில் மூன்றாண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பதினான்கு. 60-க்கும் 75-க்கும் இடையில் இருபது. 45-க்கும் 60-க்கும் இடையில் இருபத்தொன்பது. 45-க்குக் கீழே நாற்பத்தைந்து. இவர்கள் எல்லாருமே இருதயம் பலஹீனப்பட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அவ்வாறிருந்தும் சிறுநீரகத்தின் திறனுக்கேற்ப ஒருவருக்கும் மற்றொருவருக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் ஏற்பட்டது. இதில் என் மனத்தை மிகவும் உறுத்தியது இரண்டாவது பிரிவினரின் கதி. வடிகட்டும் திறன் எழுபது என்றால், நம்மில் பலரும் அதை நோயென்றே கருதமாட்டோம். வைத்தியரும் அதை அடிக்கோடிட்டுக் காட்டமாட்டார். அந்தச் சிறு குறைவுக்கே ஆபத்து ஏறத் தொடங்கிவிடுகிறது.

திறனை நேரே அளப்பது கடினமாதலால், இரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, வயதையும் ஆண் பெண் என்ற பேதத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். 'உப்பு ஏறியிருக்கிறது' என்று நம் ஊரில் சொல்லுவது இந்தக் கிரியேட்டினினையே. தசைகளில் இயல்பாகவே உண்டாகும் கழிவு அது, சமையலறை உப்போடு அதற்குச் சம்பந்தமில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிரியேட்டினின் 1.2 என்று ஒரு காகிதத்தில் எழுதியிருந்தால், பரிசோதனைச்சாலையின் குறிப்பின்படி அது சாதாரணம் என்றோ சற்றே அதிகம் என்றோ தோன்றும். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவருக்கு அந்த அளவு இருந்தால் வடிகட்டும் திறன் சுமார் 86, கவலையில்லை. அதே 1.2 எழுபது வயது மூதாட்டி ஒருவருக்கு இருந்தால் திறன் ஐம்பதைக்கூட எட்டாது. களியும் கீரையும் உண்டு, காட்டிலும் கழனியிலும் உழைத்து மெலிந்த பாட்டிமார்களுக்குத் தசையே குறைவு. தசை குறைந்தால் கிரியேட்டினினும் குறைவாகவே காட்டும். ஆகவே பென்னாகரத்துப் பாட்டியின் இரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் சிவப்பு மையில் ஒன்றும் எழுதப்படவில்லை என்பதால் அவருடைய சிறுநீரகம் நலமாக இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. வடிகட்டும் திறனைச் சொல்லும் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்ற வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் வைத்தியரிடம் கேட்க வேண்டும். மேலும், திறன் கிட்டத்தட்டப் பாதி போகும்வரை கிரியேட்டினின் அவ்வளவாக ஏறுவதில்லை. அதற்கு முன்பே துப்புக் கொடுப்பது சிறுநீரில் கசியும் புரதம். அதைக் காண ஒரு சிறு காகிதப் பட்டையே போதும்.

சிறுநீரக நோயுள்ளவருக்கும் நீண்டகாலச் சர்க்கரை நோயுள்ளவருக்கும் மாரடைப்பு வருகையில் நெஞ்சுவலியே இல்லாமற் போவதுண்டு. திடீரென்று மூச்சு முட்டுதல், காரணமற்ற வியர்வை, வாந்தி, சோர்வு, இவ்வளவே தோன்றும். அதனால் அவர்கள் தாமதித்து வருகிறார்கள். வந்தபின்பும், மூச்சுத் திணறலைச் சிறுநீரகத்தின் கோளாறு என்றே முடிவு கட்டி ஈசிஜி எடுப்பதைத் தள்ளிப்போட இடம் உண்டாகிறது.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தரும் விஷயம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு ஆபத்து அதிகமென்றால், சிகிச்சையும் அதிகக் கவனத்தோடு கிடைக்க வேண்டும் என்பதே நியாயம். உலகெங்கும் நடந்துவருவது அதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஆஸ்பிரின் முதல் ஆஞ்சியோ வரை ஒவ்வொன்றும் இவர்களுக்குக் குறைவாகவே கொடுக்கப்படுகிறது என்று பல தேசங்களின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமே என்ற அச்சம் வைத்தியருக்கு. 'கிட்னி போய்விட்டால் டயாலிசிஸில் உட்கார வேண்டுமே' என்ற அச்சம் குடும்பத்தாருக்கு. அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஆனால் சாயத்தின் அளவைச் சுருக்குவதாலும், முன்னும் பின்னும் நரம்பின் வழியே உப்புநீரை அளவறிந்து ஏற்றுவதாலும், சிறுநீரகத்துக்கு ஆகாத வேறு மருந்துகளை அந்நாட்களில் நிறுத்திவைப்பதாலும் அந்த அபாயத்தைப் பெரிதும் குறைக்க முடிகிறது. மாரடைப்பு மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போது அடைபட்ட நாளத்தைத் திறக்காமல் விடுவதால் வரும் நஷ்டமோ, திரும்பப் பெற முடியாதது. அவசரமற்ற, நாட்பட்ட அடைப்பு வேறு விஷயம். சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு அத்தகைய அடைப்பை அவசரப்பட்டுத் திறப்பதால் மரணம் குறையவில்லை என்று 2020-இல் ஒரு பரிசோதனை தெளிவாக்கியது. இந்த இரண்டு நிலைமைகளையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாமல், 'இப்போது நடப்பது எது?' என்று உறவினர் வைத்தியரிடம் கேட்டறிவது நல்லது.

மருந்துகளிலும் இதே கதைதான். பிரேசில் தேசத்து ஜரராக்கா என்ற விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற விஞ்ஞானி கண்ட ஒரு குறிப்பிலிருந்து தோன்றிய கேப்டோப்ரில் என்ற மருந்து, மதகு மூடிய சிறுநீரகத்தின் அந்தத் தவறான கட்டளையை நடுவழியில் தடுக்கிறது. மாரடைப்புக்குப்பின் இருதயத்தின் எண் நாற்பதோ அதற்கும் குறைவோ ஆன 2,231 பேரிடம் அதைப் பரிசோதித்து 1992-இல் வெளியிட்டபோது, மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எனலாப்ரில், ராமிப்ரில் முதலியவை அதன் வம்சத்தவை. டெல்மிசார்ட்டான், வல்சார்ட்டான் முதலியவை அதே வழியில் வேறோரிடத்தில் வேலை செய்பவை. இவற்றைத் தொடங்கியதும் கிரியேட்டினின் சற்று ஏறக்கூடும். முன்பிருந்ததைவிட நூற்றுக்கு முப்பது பங்குவரை ஏறினால் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை என்பது வைத்தியர்களின் பொதுவான முடிவு. ஆனால் நோயாளியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, 'உப்பு ஏறிவிட்டது, மாத்திரைதான் காரணம்' என்று தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இருதயத்தையும் சிறுநீரகத்தையும் ஒருங்கே காத்துவந்த மருந்து அன்றோடு போய்விடுகிறது.

சமீப காலத்தில் சர்க்கரை நோய்க்கென்று வந்த டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற இரு மருந்துகள், சர்க்கரை இல்லாதவர்களிடத்தும் சிறுநீரகத்தின் தேய்வை மட்டுப்படுத்துவதாக 2020-இலும் 2022-இலும் வெளியான பரிசோதனைகள் காட்டின. மாரடைப்புக்குப்பின் கொடுத்துப் பார்த்ததில் மரணத்தைக் குறைத்ததாக நிரூபணமாகவில்லை. ஆனால் எம்பாக்ளிஃப்ளோசின் உட்கொண்டவர்களுக்கு இருதயம் செயலிழந்து மீண்டும் மருத்துவமனையில் சேரும் அவசியம் குறைந்தது. இவற்றின் காப்புரிமை இந்தியாவில் முடிந்துபோக, உள்நாட்டுக் கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கி விலை வெகுவாக இறங்கிவிட்டது. கூலி வேலை செய்பவரும் வாங்கக்கூடிய நிலைக்கு ஒரு நல்ல மருந்து வந்து சேருவது அடிக்கடி நடக்கும் காரியமல்ல.

எல்லாவற்றையும்விட அதிகமாக நான் அஞ்சுவது கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் வலி மாத்திரையை. மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்குவதும் ஊசியாகப் போட்டுக்கொள்ளுவதும் நம் கிராமங்களில் தேநீர் குடிப்பதைப்போல் சகஜமாகிவிட்டது. ஒரு முறை மாரடைப்பு வந்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி டென்மார்க் தேசத்தில் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகை மாத்திரைகளைச் சில நாட்கள் உட்கொள்ளுவதும் மரணத்துக்கும் மறு மாரடைப்புக்கும் உள்ள அபாயத்தை உயர்த்துகிறது என்று கண்டது. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தையும் இவை குறுக்குகின்றன. ஒரே மாத்திரை இரண்டு உறுப்பையும் சேர்த்தே தாக்குகிறது. வலி தாங்கவில்லையென்றால் பாராசிட்டமாலை வைத்தியர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளலாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதப்படாத சூரணங்களையும் லேகியங்களையும் இந்நிலையில் விலக்கி வைப்பதே விவேகம். இளநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை: யாவருக்கும் அமிர்தமான அது, சிறுநீரகம் குன்றி, எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் வகை மருந்துகளையும் உட்கொள்ளுபவருக்குப் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். தக்காளி, மாம்பழம் ஆகியவற்றுக்கும் அளவு வேண்டும். பாலக்கோட்டில் தக்காளியும் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாவும் குவிந்து கிடக்கும் காலத்தில் இந்தக் கட்டுப்பாடு எளிதன்று என்பதை அறிவேன். கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பலவற்றிலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியமே இருக்கிறது. இவர்களுக்கு அது ஆகாது.

இந்தப் பிரதேசத்தில் சிறுநீரகத்தைப் பற்றித் தனிக்கவலை கொள்ளக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2025-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று அதிகமானவர்களுக்கு நீடித்த சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சர்க்கரை, கொதிப்பு முதலிய வழக்கமான காரணங்கள் எவையும் இல்லை. கொளுத்தும் வெயிலில் நாளெல்லாம் நின்று, வியர்வையாய் நீரை இழந்து, போதிய நீர் குடிக்காமல் உழைப்பது அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்று கருதுகிறார்கள். அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் வயலில் நிற்பவர்களுக்கும், சூளையில் செங்கல் சுமப்பவர்களுக்கும் அது அன்றாட வாழ்க்கை. இந்த ஜில்லாவின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லில் கறையும் எலும்பில் விறைப்பும் தலைமுறைகளாகத் தொடர்ந்ததும், அதற்காக ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் நிறைவேறி 2013-இல் தொடங்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. உடலில் சேர்ந்த ஃபுளோரைடை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வேலை. அது தளர்ந்தவர்களுக்கு ஃபுளோரைடு அதிகமாகத் தங்கும். ஆதலால் அவர்கள் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டு ஒகேனக்கல் நீரையே குடிப்பது அவசியம்.

வசதிகள் முன்பைவிட வளர்ந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியும் அதே ஆண்டில் வந்தது. அதற்கு வெகு முன்பே, 1993-இல், ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற வைத்தியத் தம்பதியர் சிட்லிங்கியில் குடியேறி, பழங்குடி மக்களுக்காக ஒரு மருத்துவமனையை எழுப்பி, அந்த மலைப்பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றினார்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கப்பட்ட சாமனப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்தது. 2004 வரை அப்பகுதியும் தருமபுரி ஜில்லாவாகவே இருந்தது. கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் அத்திட்டத்தின் பணியாளர், மாரடைப்பிலிருந்து மீண்டவர் வீட்டுக்கும் வருகிறார். 2023 ஜூலையில் தொடங்கிய சிறுநீரகம் காக்கும் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள். இந்த இரண்டு ஏற்பாடுகளையும் ஒரே நோயாளியிடத்தில் இணைக்க வேண்டியதுதான் பாக்கி. மாரடைப்பு வந்து வீடு திரும்பிய ஒவ்வொருவருக்கும் சிறுநீர்ப் பட்டையும் கிரியேட்டினினும் கட்டாயம் என்று ஒரு விதி செய்தால், அதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய இயந்திரமும் வேண்டாம்.

வீடு திரும்பியவர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை மடித்துப் பெட்டியில் பூட்டாமல், அதில் இருதயத்தின் எண்ணும் கிரியேட்டினினும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, அடுத்த எந்த வைத்தியரிடம் போனாலும் கொண்டுபோக வேண்டும். புதிய மாத்திரை தொடங்கினாலும் அளவை உயர்த்தினாலும் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு குடிப்பது என்பதில் இருதய வைத்தியர் ஒன்றும் சிறுநீரக வைத்தியர் ஒன்றும் சொல்லுவதாக நோயாளிகள் குழம்புவதுண்டு. ஒருவருக்கு ஏற்ற அளவு மற்றவருக்கு ஏற்காது என்பதால், தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து எழுதிவைத்து, அந்தக் குறிப்பைக் காட்டி அளவைக் கேட்டுக்கொள்ளுவதே சிறந்த வழி. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையன்று, நீர். உடனே காட்ட வேண்டும்.

சித்திரை வைகாசி மாதங்களில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் கண்டால் இன்னும் ஜாக்கிரதை தேவை. நீர் வற்றிய உடலில், மற்ற நாட்களில் காத்துவரும் எனலாப்ரில் வகையும், நீர் பிரிக்கும் மாத்திரையும், மெட்ஃபார்மினும், மேற்சொன்ன டபாக்ளிஃப்ளோசினும் சிறுநீரகத்தைத் திடீரென்று சாய்த்துவிடக்கூடும். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, எந்த மாத்திரையை எத்தனை நாளைக்கு நிறுத்துவது, என்றைக்கு மறுபடி தொடங்குவது என்று கேட்டு, சொன்ன தேதியில் தொடங்க வேண்டும். ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் மட்டும், ஸ்டென்ட் வைத்தவர்கள், வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளும் விடக்கூடாது.